ஒன்றரைக் கிலோ

"அந்தக் கையைப் பிடிக்காதீங்க மாமா!"

சட்டையை மாட்டிவிடக் குனிந்த கணவரின் அண்ணன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இனி அந்தக் கையை யார் பிடித்தால் என்ன?

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடது கை. அதில் வாட்ச் கட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது, தூக்கத்தில் அதன்மேல் சாயக்கூடக் கூடாது. தைத்த இடத்தில் விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது அவள் வேலை. "ஓடுதா?" என்பார். "நல்லா ஓடுது. கரண்ட் பில்தான் இன்னும் வரல" என்பாள். இன்று காலை குளித்துவிட்டு, சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே, விரல் வைத்த அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்றிருந்தது. "நானே போடறேன் மாமா" என்று சட்டையை வாங்கி, அந்தக் கையில் மெல்ல ஏற்றினாள். அவருக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஏற்றினாள்.

மேசைமேல் அவருடைய போன் அடித்தது. திரையில் 'வெல்டர்' என்று இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, இன்று டயாலிசிஸ் நாள்.

வெல்டருக்கு டயாலிசிஸ் சென்டரில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. சின்ன வயசுக்காரன். "வாழ்நாள் பூரா இதே பொழப்பாண்ணே? போற உசுரு போகட்டும்" என்று பாதியில் விட்டுவிட்டு வீட்டில் படுத்தவன். மூச்சு முட்டிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு இவர் அவனை விடவில்லை. டயாலிசிஸ் நாள் விடிந்தால் போதும், "கிளம்பிட்டியாடா?" என்று போன் போட்டுவிடுவார்.

"எனக்கெல்லாம் கிட்னி கிடைக்கும்னு நம்பிக்கையே இல்லண்ணே."

"நம்பிக்கையை நான் பாத்துக்கறேன். நீ வந்து நாற்காலில உக்காரு."

வந்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அடங்கவில்லை. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் எடையாக நிற்கும். பட்டறைச் சூட்டில் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, நாலு கிலோ ஏறி, முகம் வீங்கி வந்து நிற்பான். கடைசியில் இவர் பந்தயம் வைத்தார். எவனுக்கு எடை குறைவாக ஏறியிருக்கிறதோ அவன் ஜெயித்தவன். தோற்றவன் அன்று முழுக்க ஜெயித்தவனை 'முதலாளி' என்று கூப்பிட வேண்டும். கடை கடையாகத் தராசு ரிப்பேர் செய்த மனுஷனிடம் எடையில் பந்தயம்! "மிஷினை என்னமோ பண்ணி வச்சிருக்கீங்கண்ணே" என்று கத்துவான். ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை.

போன் நின்று, மறுபடி அடித்தது.

"எடுத்து விஷயத்தைச் சொல்லிடும்மா" என்றார் கணவரின் அண்ணன். "வந்து முகம் பாக்கட்டும்."

எடுத்தாள்.

"அண்ணி, அண்ணன் எங்க? இன்னிக்குப் போனே வரல! நானே வந்துட்டேன் பாருங்க. எடையும் போட்டாச்சு. எவ்வளவு தெரியுமா? ஒன்றரைக் கிலோ! ஒன்றரைதான் அண்ணி! நர்ஸக்கா நம்பாம ரெண்டு தடவை ஏறச் சொன்னாங்க. அண்ணன் வீட்டு மிஷின்ல பாத்திருப்பாரே, அவருக்கு எவ்வளவு?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். உப்பில்லாமல் சாப்பிட்டு, வாயை நனைத்துக்கொள்ளும் அளவுக்கே தண்ணீர் குடித்து, ஒரு நாள்கூடத் தவறாமல் போய் உட்கார்ந்த மனுஷன் இதோ கிடக்கிறார். இப்போது சொன்னால் வெல்டர் அங்கிருந்தே திரும்பிவிடுவான். இங்கே வந்து நின்று அழுவான். இன்றைய டயாலிசிஸ் போகும். அவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவரே போய்விட்டார், எனக்கு எதற்கு இதெல்லாம் என்பான். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான்.

"சொல்லும்மா" என்றார் கணவரின் அண்ணன்.

"ரெண்டு" என்றாள். "ரெண்டு கிலோ ஏறிடுச்சு தம்பி."

"அடிச்சேன் பாத்தீங்களா!" அவன் போட்ட கூச்சல் பக்கத்தில் நின்ற அண்ணனுக்கே கேட்டது. "போனை அவர்கிட்ட குடுங்க அண்ணி. முதலாளின்னு அவர் வாயால கேட்டாத்தான் உள்ள போவேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தோத்துட்டார்ல, ரோஷம். நீயே சொல்லிடுன்னுட்டார்." குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "முதலாளி, உள்ள போய் உக்காருங்க. முடியறவரைக்கும் போனைத் தொடாதீங்க."

அவன் சிரித்துக்கொண்டே வைத்தான்.

"என்னம்மா காரியம் பண்ற நீ?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்குத் தெரிஞ்சா அவன் என்ன நினைப்பான்? கடைசியா முகம் பாக்க வேணாமா?"

"பாப்பான் மாமா. டயாலிசிஸ் மிஷின்லேர்ந்து இறங்க நாலு மணி நேரம் ஆகும். அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் இவரை எடுக்க வேணாம்."

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. சமையலறைக்குப் போய் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் கட்டில் தெரியும். இத்தனை வருஷமாக அவர் கண்ணெதிரே அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கதவுக்குப் பின்னால் நகர்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் குடித்தாள்.