டிரைவரின் முதுகு

என் வீட்டுக்காரர் மனசில் என்ன ஓடுகிறது என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. முதுகைக் காட்டச் சொல்லுங்கள், சொல்லிவிடுவேன். அவர் டிரைவர், நான் கண்டக்டர். ஒரே பஸ், ஒரே ரூட், பதினொரு வருஷம். கல்யாணத்துக்கு முன்பும் அதே வண்டிதான், பிறகும் அதே வண்டிதான். இடது தோள் மட்டும் ஏறினால் முன்னால் போகிற லாரிக்காரனைத் திட்டுகிறார். இரண்டு தோளும் தொங்கினால் பசி. கழுத்து காலருக்குள் போய்விட்டால் என் மேல் கோபம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் ஸ்கூட்டரில் அவர் முன்னால், நான் பின்னால். அவர் என்னைப் பார்ப்பதெல்லாம் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில்தான். அதிலும் நான் நாற்பது தலைகளுக்கு நடுவே ஒரு தலை.

போன வருஷம் ஒரு நாள் கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"கண்டக்டரம்மா, நாம ரெண்டு பேரும் ஒரு தடவ பாசஞ்சரா போயிப் பார்ப்போமா?"

"எங்க?"

"எங்கயாவது. உலகம் பூரா."

வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்தோம். டிப்போவே சிரித்தது. என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை, நேராகவே கேட்டாள். "ஊர் சுத்துறதுதான் உங்க ரெண்டு பேருக்கும் வேலையே. அதுக்கு லீவு போட்டு ஊர் சுத்தப் போறீங்களா? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" கேட்பவர்களை எங்களிடம் அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

விமானம் நகர ஆரம்பித்தவுடன் இவர் திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னும் விசிலே குடுக்கல, அவன் பாட்டுக்கு எடுத்துட்டான்?" நான் மட்டும் என்ன யோக்கியம்? நடைபாதையில் நின்று பெட்டியைத் திணித்துக்கொண்டிருந்தவர்களை, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி காலியாத்தானே இருக்கு" என்று தள்ளி உட்காரவைத்துவிட்டுத்தான் என் இடத்துக்கே வந்திருந்தேன். பணிப்பெண் எனக்கு நன்றி சொன்னாள். அவளுக்கு மட்டும் தொழில் தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம் பாருங்கள், அதற்குத்தான் நாங்கள் தயாராக இல்லை. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு வெட்கம் வந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவருக்கு மூக்கோரம் ஒரு சின்ன மச்சம் இருப்பதை மூன்றாவது நாட்டில்தான் பார்த்தேன். எப்போது வந்ததென்று கேட்டேன், பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார். ரயிலில், படகில், கம்பியில் தொங்கிப் போகும் கூண்டில் என்று எதிலும் ஜோடியாகத்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். தெருவில்கூட ஒரு அடி முன்னால் போகமாட்டார். தோளோடு தோள் உரச நடப்பார், எதிரே வருகிறவர்கள்தான் சாக்கடை ஓரமாக ஒதுங்கவேண்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். லாட்ஜ் அறைகளில் கட்டில் மேல் ஏறிக் குதித்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? என் வயதைச் சொல்லமாட்டேன், குதிக்கிற வயதில்லை.

இப்படி நாங்கள் ஆடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மேனேஜர் போன் செய்தார்.

கிளம்புவதற்கு முன் நான் ஒரு பரீட்சை எழுதியிருந்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு. அதில் தேறிவிட்டேனாம். லீவு முடிந்து வந்ததும் சேரலாம், ஆனால் சம்மதமா இல்லையா என்று மறுநாள் சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். பொய் சொல்வானேன், ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது. நெரிசலுக்குள் புகுந்து புறப்பட்டு டிக்கெட் கிழித்தது போதும், சட்டைப்பையில் பேட்ஜோடு ஒரு தடவை நிமிர்ந்து நிற்கவேண்டும். ஆனால் நான் போனால் அவர் பஸ்ஸில் வேறு ஒருவர் விசில் கொடுப்பார். அவர் மனசு ஒரு துளி சுருங்கினாலும் எனக்கு அந்த வேலை வேண்டாம். சுருங்குமா, சுருங்காதா? அது தெரியவேண்டும்.

கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார்.

இந்த "உன் இஷ்டம்" இருக்கிறதே, இதைக் கண்டுபிடித்த புருஷனை மட்டும் என் கையில் கொடுங்கள். சரி என்றால் சரி என்று சொல்லவேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். இது என்ன, கேள்வியை மடித்து நம் கையிலேயே திருப்பிக் கொடுப்பது? முகத்தைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர். சரி, முதுகைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடைபாதையில், "நீங்க முன்னாடி போங்க டிரைவரே" என்றேன். "எதுக்கு? சேர்ந்தே போவோம்" என்று கையைக் கோத்துக்கொண்டார். அன்று பார்த்து அவருக்கு அன்பு பொங்கி வழிந்தது.

அதனால் மறுநாள் ஏரியைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட்டும், கடைசி வரிசையில் ஒரு சீட்டும் கேட்டு வாங்கினேன்.

"சேர்ந்த மாதிரி கிடைக்கலையா?" என்று முகம் வாடிப் போய்க் கேட்டார்.

"கிடைக்கல" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். நான் பின்னாலிருந்து கண்ணை அகலத் திறந்துகொண்டு பார்த்தேன். தோள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கழுத்து நேராக நின்றது. ஓட்டுகிறபோது பேசுகிற முதுகு, சும்மா உட்கார வைத்தால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. நேரமோ போய்க்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டும்.

பஸ்ஸை ஓட்டியது ஒரு பெண். நல்ல ஆகிருதி, சிவப்புத் தொப்பி. குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி இளைஞர் மைக்கில் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மேட்டில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி ஏரியைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப ஏறினார்கள். நான் வழக்கம்போலப் பின் படிக்கட்டோரம் நின்றுவிட்டேன். கைக்குழந்தைக்காரி ஏறினாள், கைத்தடிப் பெரியவர் ஏறினார், கடைசியாக நான் ஏறினேன். எட்டிப் பார்த்தேன், படி காலி. அவ்வளவுதான். என் கை தானாக வெளியே போய்ப் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டியது.

"ரை... ரைட்!"

சிவப்புத் தொப்பி வண்டியை எடுத்துவிட்டாள். உலகத்தில் எந்த மூலையிலும் டிரைவர் டிரைவர்தான். இரண்டு தட்டு விழுந்தால் கால் தானாக மிதிக்கும்.

குடைக்காரர் கீழேயே நின்றுவிட்டார். ஒரு குடும்பத்துக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அந்தக் குடும்பம். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய், அது எங்கிருந்து சேர்ந்துகொண்டதோ. உள்ளே ஒருவரும் கவனிக்கவில்லை. என் ஆள் கவனித்தார். சீட்டில் உட்கார்ந்தால் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் அவரால் இருக்கமுடியாது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். எங்கள் வண்டியில் அதற்கு, ஆளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். நான் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரே ஒரு விசில் அடித்தேன். பஸ் அப்படியே அறைந்தாற்போல் நின்றது. தொப்பிகளும் தண்ணீர் பாட்டில்களும் முன்னால் பறந்தன.

குடைக்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி, யார் தட்டியது என்று கேட்டார். பஸ் மொத்தமும் என்னைக் கைகாட்டியது. காட்டிக் கொடுப்பதற்கு மட்டும் ஜனங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், "நான் கண்டக்டர்" என்றேன். முன் சீட்டைக் காட்டி, "அவர் டிரைவர். என் வீட்டுக்காரர். லீவு" என்றேன்.

குடைக்காரர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மைக்கை எடுத்துப் பஸ்ஸுக்கே சொன்னார். சிவப்புத் தொப்பி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, தோள்பட்டை கழன்றுவிடும்போலக் குலுக்கினாள். குடை என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எந்த இடத்தில் நின்றாலும் இறக்கிவிடுவதும் ஏற்றுவதும் நான்தான். விசில் அடித்தால் இருபது நாட்டு ஜனங்கள் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். "சீக்கிரம், சீக்கிரம், படியில நிக்காதீங்க" என்று தமிழிலேயே விரட்டினேன். ஒருவராவது புரியவில்லை என்று நிற்கவில்லை. எனக்குக் கால் தரையில் இல்லை.

கடைசி நிறுத்தத்தில் தலை எண்ணிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தேன். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். அவர் முதுகு குலுங்கியது. இரண்டு தோளும் ஏறி ஏறி இறங்கின. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத குலுங்கல் அது. அழுகிறார். இவள் இனி நம் வண்டியில் இருக்கமாட்டாளே என்று, என்னை இப்படிக் குடையும் விசிலுமாகப் பார்த்துவிட்டு அழுகிறார். அந்த இடத்திலேயே என் ஆசையை முடிந்து தூரப் போட்டேன். பக்கத்தில் குனிந்து அவர் கையைப் பிடித்தேன்.

"டிரைவரே, அழாதீங்க. வேணாம்னு சொல்லிடறேன்."

திரும்பினார். கண்ணில் தண்ணீர். ஆனால் வாய் காதுவரை இளித்திருந்தது.

"அந்த நாயி..." என்றார், மூச்சு வாங்க. "கடைசியா ஓடி வந்துச்சு பாரு, அந்த நாயி..."

மனுஷன் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்! முதுகைப் படிக்கத் தெரியும் என்று இத்தனை காலம் பீற்றிக்கொண்டவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

நான் சொன்னது அவர் மண்டையில் அப்போதுதான் ஏறியது போல. சிரிப்பு நின்றது. "என்னது, வேணாம்னு சொல்லப் போறியா? இதுக்குத்தான் நேத்துலேர்ந்து பயந்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நான் போனா போதும்னு இருக்கீங்களா?" எனக்குச் சுரீர் என்றது.

"பாத்தியா? இதுக்குத்தான் வாயே திறக்கல. போன்னு சொன்னா விரட்டறேன்னு சொல்லுவ. போகாதன்னு சொன்னா ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவ. நான் எந்தப் பக்கம் திரும்ப?"

அது நியாயம்தான். ஒத்துக்கொள்ளவில்லை, வேறு பக்கம் பார்த்தேன்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "செக்கிங் இன்ஸ்பெக்டர் எங்க நிப்பாங்க?"

"எங்க நிப்பாங்க? ரோட்டோரமா நிப்பாங்க."

"நின்னு?"

"வண்டி வந்தா கைகாட்டி நிறுத்துவாங்க. இது என்ன, எனக்கே பரீட்சையா?"

"அப்ப நான் உன்ன எதுல பார்ப்பேன்?" அவர் குரல் இறங்கியது. "முன் கண்ணாடியில, இந்தா பெருசுக்கு. தூரத்துல வரும்போதே தெரிவ. நேரா, முழுசா. இத்தன வருஷமா நாப்பது தலைக்கு நடுவுல தேடினேன். இனிமே நீ மட்டும் தனியா நிப்ப. நான் உன் முன்னாடி வந்து நிறுத்தணும்."

இதை மனசில் வைத்துக்கொண்டா மனுஷன் உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று உயிரை வாங்கினார்?

"நிறுத்தாம போனா மெமோ குடுப்பேன்" என்றேன் ஒருவழியாக.

"குடு."

போனை எடுத்தேன். மேனேஜர் ஹலோ என்றதும், "வரேன் சார், சேர்ந்துக்கறேன்" என்று கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று தெரியாது. இவர் எழுந்து நின்று என்னைக் காட்டி, பஸ்ஸைப் பார்த்து, "இன்ஸ்பெக்டர்!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார். அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. என்ன நினைத்துக்கொண்டார்களோ, பைகளைத் துழாவிப் பஸ் மொத்தமும் டிக்கெட்டை எடுத்து நீட்டியது.

சரி, நீட்டிவிட்டார்கள், பார்க்காமல் விட்டால் மரியாதையில்லை. முன் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

"டிக்கெட்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் சட்டைப்பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார். "எங்கிட்ட ஏது? எப்பவும் கண்டக்டரம்மாகிட்டதானே இருக்கும்?"

"அந்தம்மா வேலைய விட்டுப் போயிட்டாங்களே."

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், கண் மட்டும் நிறைந்துவிட்டது. எனக்கும் நிறைந்துவிட்டது. அடுத்த சீட்டில் கைத்தடிப் பெரியவர் டிக்கெட்டை நீட்டியபடி, நான் எப்போது வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.