மோகனா சொன்ன நாற்றம்

நாகமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளை எட்டிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். அத்தனையும் வாயைக் கையால் பொத்திக்கொண்டேதான். மலாக்கா டவுனில் ஒரு பல் டாக்டர் மூச்சைச் சோதிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்தான். தொண்ணூற்றேழில் அதெல்லாம் புதுசு. காலையில் பல் விளக்கக் கூடாது, கோப்பி குடிக்கக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டார்கள். கோப்பி குடிக்காத நாகமுத்துவின் பக்கத்தில் யாரால் உட்கார முடியும்?

அவன்தான் என்ன செய்வான், பாவம். தீபாவளிக்கு முன்னால் அவன் பெண்டாட்டி மோகனா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உம்பாயில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "உங்க வாய் நாறுது. இனிமே ஒரே வீட்ல இருக்க முடியாது."

அன்றிலிருந்து கிராம்பை மென்றான், கொய்யா இலையை மென்றான், சீன மருந்துக் கடையின் கசப்புப் பொடியை விழுங்கினான். அவன் ஓட்டும் செம்பனை எண்ணெய்க் குலை லோரியில் கையாளாகக் கூட வரும் மருதமுத்துவின் முகத்தில் ஊதி, "நாறுதாடா?" என்று கேட்டான்.

"டீசல் நாத்தந்தாண்ணே வருது."

அதற்கு மருதமுத்துவின் அம்மாவையும் சேர்த்து ஒரு வசவு கிடைத்தது. நாகமுத்துவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவன் நினைப்பு.

தாதி தேவிஸ்ரீ உள்ளே கூப்பிட்டாள். "இந்த ஸ்ட்ரோவ வாய்ல வச்சிக்கிங்கண்ணே. மூக்கால மூச்சு விடுங்க."

போலீஸ்காரனிடம் ஊதிப் பழகியவன், பலமாக ஊதிவிட்டான்.

"ஊதக் கூடாது லா, அண்ணே."

மறுபடி வைத்தார்கள். மெஷினில் எண் ஓடி நின்றது. சீன டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அவரே மூக்கைக் கிட்டே கொண்டுவந்து முகர்ந்து, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"ஒங்களுக்கு நாத்தமே இல்லைங்கிறாருண்ணே," என்றாள் தேவிஸ்ரீ.

நாகமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து வெறும் வயிறு வேறு. மெஷினின் பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். தேவிஸ்ரீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்றத்துக்குத்தான் திரும்புகிறாளோ என்று அவன் மறுபடி வாயைப் பொத்தினான்.

அங்கிருந்து நேரே உம்பாய். மோகனா அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல பாத்தாச்சு. டாக்டரே மோந்து பாத்துட்டாரு. என் வாய் நாறல, மோகனா. கெளம்பு."

அவள் கை நின்றது. "மூச்ச யாரு சொன்னா? பிள்ள முன்னால என்னைய என்னன்னு கூப்புடுறீங்க? அவ இப்ப தன் பொம்மைய அப்படித்தான் கூப்புடுறா. அந்த வாயத்தான் சொன்னேன்."

"போடி..." என்று ஆரம்பித்துவிட்டான். அடுத்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. தினமும் கோப்பி கேட்கும்போது கூடவே வரும் வார்த்தைதான். மோகனா கண்ணை எடுக்காமல் அதற்காகவே காத்திருந்தாள். நாகமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

மோகனா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தக் கைய எடுத்துட்டு எப்பப் பேச முடியுதோ, அப்ப வாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.