ஓரத்தில் எழுதிய கல்யாணம்

1

இந்தக் கதையைச் சொன்னபோது அட்ராக்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பங்குக் கோயில் கூடத்துச் சமையலறையில், அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்காக நாங்கள் இருவரும் ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தோம். "நீ எழுதாம இருக்க மாட்ட. பேர மட்டும் மாத்திடு," என்றாள். மாற்றிவிட்டேன். பெயரைப் பற்றிய கதையில் பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய அபத்தம் என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகங்கள் தாழ்ந்த ஒரு பிப்ரவரி மாலையில், குளூன்கராவின் பழைய கோயில்…"

அடித்துவிட்டேன். இங்கே குளூன்கராவில் மேகம் எல்லா மாதமும் தாழ்ந்துதான் கிடக்கிறது. அதை அழகு என்று எழுதுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நான் இருபத்திரண்டு வருடமாக இந்தப் பங்கில் துணி காயவைக்க முடியாமல் அல்லாடுகிறவள்.

2

அட்ராக்டாவுக்கு அறுபத்தொன்று. வாரத்தில் மூன்று காலைகள் பங்கு அலுவலகத்தில் வேலை. பாஸ்டனிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் கடிதம் வரும்: என் முப்பாட்டனார் உங்கள் ஊர், ஏதாவது தெரியுமா? அவள் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டித் தேடிக் கொடுப்பாள். கோடையில் அவர்களே நேரில் வந்து அந்த ஒற்றை வரியைத் தடவிப் பார்த்துவிட்டு அழுவார்கள். அவர்களுக்காக மேசையில் ஒரு டிஷ்யூ பெட்டி வைத்திருக்கிறாள்.

சொந்தக் குடும்பத்தை அவள் தேடியதே இல்லை. எல்லாம் தெரியும் என்ற தைரியம்தான். இந்த வருடம் முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மா வின்னிக்குத் தொண்ணூறு. அம்மாவின் ஞானஸ்நான வரியை நகலெடுத்துச் சட்டம் போட்டுப் பரிசாகத் தரலாம் என்று நினைத்தாள்.

உடனே கிடைத்தது. பிறந்த தேதி 1935, பிப்ரவரி 3. வினிஃப்ரெட். வின்னியின் முழுப்பெயர் அது. தந்தை டொமினிக், தாய் சபைனா. ஓரத்தில் வேறொரு கையெழுத்து: 1961இல் ஜான் லாவினோடு திருமணம்.

[இங்கே ஒருவர் எந்தக் கோயிலில் மணமுடித்தாலும் செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு வந்துசேரும். பாதிரியார் அதை அந்தக் குழந்தையின் வரிக்குப் பக்கத்தில் எழுதிவைப்பார்.]

அங்கேயே புத்தகத்தை மூடியிருக்கலாம். பழகிய கை, புரட்டிவிட்டது. 1937, அக்டோபர். அதே தந்தை, அதே தாய், அதே வீடு. மறுபடியும் வினிஃப்ரெட். ஓரத்தில் ஒன்றுமில்லை.

3

இந்த ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை போய்விட்டால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். அப்பாவைப் பெற்றவளின் பெயர் வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பங்கில் அடக்கப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. செத்தவளைப் பற்றிக் கோயில் வைத்திருக்கும் ஒரே சாட்சி, இரண்டாவது முறை வந்த அந்தப் பெயர்தான்.

அட்ராக்டா அரசாங்க இறப்புப் பதிவிலும் தேடினாள். இருந்தது. வயது இரண்டு வருடம் ஒரு மாதம். கக்குவான் இருமல். தகப்பன் உடனிருந்தார். அப்போது சபைனாவின் வயிற்றில் இரண்டாவது வினிஃப்ரெட் இரண்டு மாதம்.

ஆக, 1961இல் கல்யாணச் செய்தி வந்தபோது அன்றைய பாதிரியார் முதலில் கண்ணில் பட்ட வினிஃப்ரெட்டின் பக்கத்தில் எழுதிவிட்டார். கல்யாணத்துக்குக் கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழும் அந்த வரியிலிருந்தே போனது. அதன் பிறகு வந்த எல்லாக் காகிதங்களிலும் பிப்ரவரி 3. செத்த குழந்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மூன்று பிள்ளை பெற்று, கணவனைப் புதைத்து, இன்றும் தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடும் வின்னிக்குப் புத்தகத்தில் வாழ்க்கையே இல்லை. அவளுக்கு வயது எண்பத்தேழு.

[அந்தக் காலத்தில் இங்கே பிறந்தநாள் கொண்டாட மாட்டார்கள், சரி. அதற்காக, கல்யாணத்தன்று திடீரென்று மூன்று வயது கூடியதை ஒரு பெண் கவனிக்காமலா இருப்பாள்? என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான்.]

4

பங்குத் தந்தை கோர்ம்லி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பு தப்புதான் அட்ராக்டா. இங்க, கீழ இருக்கறது படிக்கற மாதிரி ஒரு கோடு கிழிச்சு, அங்க எழுதிடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்ப மூத்தவளுக்கு என்ன ஃபாதர் மிஞ்சும்?"

"என்ன மிஞ்சணும்? ரெண்டு வயசுக் கொழந்தம்மா."

"இந்தப் புத்தகத்துல அறுபத்து நாலு வருஷமா குடும்பம் நடத்திட்டிருக்கா. இதுபடி பாத்தா நான் அவ பொண்ணு."

கோர்ம்லி பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார்.

"உங்கம்மா உயிரோட இருக்காங்க. அவங்களக் கேட்டுட்டு வா. கேக்காம நான் கை வைக்க மாட்டேன்."

சனிக்கிழமை விருந்து. கூடம் சொல்லியாயிற்று. கேக்கின் மேல் தொண்ணூறு என்று எழுதவும் சொல்லியாயிற்று. அட்ராக்டாவுக்குக் கேக்கைப் பற்றிக் கவலையில்லை. அம்மாவிடம் போய், நீ இன்னொருத்தியின் இடத்தில் பிறந்தாய் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டால், செத்துப்போன அந்தக் குழந்தையை இந்த உலகத்தில் யார் நினைப்பது? இரண்டு பக்கமும் அவளுக்கு வலித்தது. சாண்ட்விச்சை முக்கோணமாக வெட்டிக்கொண்டே என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

5

முதல் முடிவு: மகள் சொல்கிறாள். வின்னி கதறி அழுகிறாள்.

அடித்துவிட்டேன். வின்னி கடைசியாக அழுதது 1978இல், ஒரு பசு செத்தபோது.

இரண்டாவது முடிவு எனக்குப் பிடித்திருந்தது. மகள் தயங்கித் தயங்கி நகலை நீட்டுகிறாள். வின்னி வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்டி. எங்கம்மா என்னக் கூப்பிடறப்பல்லாம் என் முதுகுக்குப் பின்னாடியும் ஒரு தடவ பாப்பா. அவளுக்கு ரெண்டே ரெண்டு பிறந்தநாள்தான் கெடச்சுது. எனக்குக் கெடச்சது எண்பத்தேழு. அந்தத் தேதி அவகிட்டயே இருக்கட்டும். கல்யாணமும் இருக்கட்டும். ஜான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

எழுதி முடித்ததும் அட்ராக்டாவின் மேசையிலிருக்கும் டிஷ்யூ பெட்டி எனக்கே தேவைப்பட்டது. அதுதான் தவறாகப் போயிற்று.

6

இன்று வியாழக்கிழமை. முதியோர் இல்லத்துக்குக் கூட வரச்சொன்னாள் அட்ராக்டா. போகும் வழியில் காரில் அவளுக்கு இரண்டாவது முடிவைச் சொன்னேன். துடைப்பான் மழையை வழித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா அப்படிச் சொல்லுவாளா?"

"தெரியலையே. நானா எழுதினது."

"நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு." வண்டியை இல்லத்தின் வாசலில் நிறுத்தினாள். "அம்மா இதைத்தான் சொல்லுவான்னு நெனச்சுக்கிட்டு நான் கேக்காமயே திரும்பிடட்டுமா?"

அறுபத்து நான்கு வருடமாக ஒருத்தியின் வாழ்க்கையை மற்றவர்கள் எழுதி எழுதித் தப்பாகவே வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றிருக்கிறேன்.

"வேணாம் அட்ராக்டா. நான் அத அடிச்சிட்டேன்."

"எப்ப?"

"இப்ப."

[மேலே அது அப்படியே இருக்கிறதே என்று கேட்பீர்கள். கோர்ம்லியின் முறைதான்: கோடு கிழித்தாலும் கீழே இருப்பதைப் படிக்க முடியவேண்டும். நீங்கள் அதை அடிக்கப்பட்டதாகவே படியுங்கள்.]

அட்ராக்டா நகல் இரண்டையும் கோட்டுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டாள். "நீ வர வேணாம்," என்றாள். கதவைச் சாத்திவிட்டுத் தலையைக் குனிந்தபடி மழையில் ஓடினாள்.

வின்னியின் அறை தரைத்தளத்தில்தான், வாசலைப் பார்த்தபடி. திரை விலகியிருக்கிறது. விளக்கு எரிகிறது. மகள் கோட்டைக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்வது வரை பார்த்தேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நீங்கள் வேண்டுமானால் பாருங்கள். வின்னி என்ன சொன்னாள் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், எழுதிவிடுவேன்.