அரைப்புள்ளிக்கு ஆதரவாக ஒருத்தி

வரி முடிவில் இனி அரைப்புள்ளி வைக்கத் தேவையில்லை என்று அந்தக் கணினி நிரல்மொழியில் திருத்தம் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, அக்காவின் சொந்தத் தம்பிதான். மொழியை உருவாக்கியவள் அக்கா. இவன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன், கூடப்பிறந்த குடைச்சல்.

அவள் முதலில் வைத்ததையெல்லாம் மொழியைப் பராமரிக்கும் குழு ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டிருந்தது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, இப்போது அரைப்புள்ளிக்கு வந்துவிட்டார்கள். அவள் கையால் வைத்ததில் மிச்சம் அது ஒன்றுதான். அதுவும் போனால் இங்கே தனக்கு என்ன இருக்கிறது?

"இது நிறைவேறினா நான் குழுவை விட்டே போயிடுவேன்" என்றாள் கூட்டத்தில்.

"வரிக்கு வரி கொசு உக்காந்த மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி.

தலைவர் இருமினார். "வாயால எதிர்த்தா செல்லாது. ஓட்டிக் காட்டுங்க."

அங்கே அதுதான் வழக்கம். மறுப்பவர் ஒரு நிரல் எழுதி, மாற்றத்தால் எது எது உடைகிறது என்று எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பழைய நிரல்களிலிருந்து அரைப்புள்ளிகளை நீக்கி ஓட்டியதும் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு. நெஞ்சு குளிர்ந்தது. அதோடு மூடிவைத்திருக்கலாம். ஆனால் உள்ளே பார்த்தால், திருத்தத்துக்காகத் தம்பி மொழிக்குள் எழுதியிருந்த நிரல் அரைகுறை. அரைகுறை வேலையைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். நாலைந்து இடத்தில் திருத்தினால் என்ன, சிவப்புக்கா பஞ்சம் என்று திருத்திவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்க்காமலே கூட்டத்துக்குப் போனாள்.

எல்லோர் முன்னாலும் ஓட்டினாள். திரையில் மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்தம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

பையை எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. கதவு வரை போனவளைத் தம்பி மறித்தான்.

"போகாதேக்கா. நான் எழுதினதுல பாதி இப்ப உன்னோடதுதான்."

"பாதியா? முக்கால்வாசி."

கதவைத் திறந்தவள் திரும்பினாள். "இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. தொட்டுத் தொலைச்சிடாதே. காலையில நானே வந்து அடைக்கிறேன்."

கூட்டக் குறிப்பில் 'விலகினார்' என்று எழுதியிருந்ததைத் தலைவர் சத்தமில்லாமல் அழித்தார்.