பச்சைத் தண்ணிக் காபி

கலியமூர்த்தியின் மனைவி அம்சவல்லி வாயாடி இல்லை. நாள் முழுக்க அவள் பேசுவதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு பக்கம் தேறாது. ஆனால் விடிந்ததும் கையில் காபி டம்ளர் வந்துவிட்டால் போதும், அவள் வேறு ஆளாகிவிடுவாள். வீட்டின் பின்பக்கப் படியில் மேலே அவள் உட்காருவாள், கீழே இவர் உட்காருவார். முந்தின நாள் கண்டது, கேட்டது, கோபப்பட்டது, ராத்திரி வந்த கனவு என்று ஒன்று விடாமல் எல்லாம் வந்து விழும். இவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே குடிப்பார். டம்ளர் காலியானதும் பேச்சு நின்றுவிடும். அவள் புடவையைத் தட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். மகள் இளமதி பிறந்து, வளர்ந்து, சென்னைக்கு வாழப்போன பிறகும் அது மாறவில்லை. ஊரில் எத்தனையோ ஆம்பிளைகளுக்குத் தன் பெண்டாட்டி மனசில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது. கலியமூர்த்திக்குத் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாரே தவிர, அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமைக்குத்தான் யார் கண்ணோ பட்டுவிட்டது. மாசிக் கடைசியில் அம்சவல்லிக்கு நெஞ்செரிச்சல் வந்தது. ஓமத்தண்ணி, மோர், சீரகம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “மொதல்ல அந்தக் காபிய விடுங்கம்மா” என்றார். அம்சவல்லி ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் பின்வாங்கும் ரகம் இல்லை. அன்றோடு விட்டாள்.

அவள் எதிரே உட்கார்ந்து தான் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் அது பெரிய பாவம் என்று கலியமூர்த்திக்குப் பட்டது. டிகாஷன் வாசனை பட்டால்கூட அவளுக்கு ஏக்கம் வருமே என்று, “எனக்கும் போட வேணாம்” என்று சொல்லிவிட்டார். எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டு டீக்கடைக்குப் போவார். பாயசத்தையும் கஷாயத்தையும் கலந்த மாதிரி அங்கே ஒரு டீ போடுவார்கள். அதை நின்றபடி குடித்துவிட்டு வந்தார். மனைவிக்காகத் தியாகம் செய்கிற திருப்தி முகத்தில் இருந்தது. பின்பக்கப் படியில் கொஞ்ச நாளில் துணி துவைக்கிற வாளியும் விளக்குமாறும் குடியேறின.

பேச்சு நின்றுபோனது அவருக்கு உடனே உறைக்கவில்லை. ‘கேஸ் தீந்துடுச்சு’, ‘சோறு போடவா’, ‘கரண்ட் பில்லு வந்துருக்குது’ என்று அவள் பேசிக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை இளமதி போன் செய்தபோதுதான் உறைத்தது.

“ஏம்பா, அம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்டி இருக்குது? மாடிப்படி ஏற முடியலன்னு அழுவுதே.”

“முட்டி வலியா?”

“ஒங்களுக்குத் தெரியாதா?”

கலியமூர்த்தி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு முட்டி வலி என்பது சென்னையிலிருந்து போன் வந்து அவருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. காபி போனதோடு அம்சவல்லியும் போய்விட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. மகளிடம் கூச்சத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் காபி நேரம் திரும்ப வேண்டும், அதற்கு என்ன வழி என்று கேட்டார்.

இளமதி கொஞ்சம் யோசித்துவிட்டு, “கோல்ட் ப்ரூன்னு ஒண்ணு இருக்குதுப்பா” என்றாள். “காபித்தூள பச்சத் தண்ணியில ஊறப்போட்டு ராத்திரி முழுக்க ப்ரிட்ஜில வச்சிரணும். அடுப்புகிட்டயே போகக் கூடாது. காலையில வடிகட்டிக் குடிக்கணும். புளிப்பு கம்மியா இருக்கும், சில பேருக்கு எரியறதில்லன்னு சொல்றாங்க. எதுக்கும் டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

மறுநாளே போய்க் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, “அரை டம்ளர் குடிச்சுப் பாக்கட்டும். எரிஞ்சா அதோட விட்டுரணும், திருப்பித் திருப்பிப் பாக்கற வேலயெல்லாம் கூடாது” என்றார். ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் சரியாக வரும்வரை அம்சவல்லியிடம் மூச்சுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி ஆகிவிடக் கூடாதல்லவா?

காபித்தூள் கடையில் போய், “சிக்கரி வேணாம். ரவ பதத்துல அரச்சுக் குடுங்க” என்றார்.

கடைக்காரர் தேவநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரவ பதமா? பில்டர்ல போட்டா வெறும் தண்ணியா எறங்கும்ண்ணே. வூட்ல திட்டு வாங்குவீங்க.”

“வாங்கிக்கறேன், நீங்க அரைங்க.”

அடுத்தது ஊறவைக்கப் பாத்திரம். மகள் அனுப்பிய வீடியோவில் ஒரு பையன் கண்ணாடி ஜாடியில் ஊறவைத்தான். கலியமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. அவர் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் கிளேஸ் போடுகிறவர். பீங்கானுக்குப் பளபளப்பும் வழவழப்பும் கொடுக்கிற பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் இருந்துகொண்டு, அதுவும் கலியமூர்த்தி, பெண்டாட்டிக்குக் கண்ணாடி ஜாடியில் காபி போடுவதா? அச்சு வார்க்கிற ஜெயராஜிடம் சொல்லி, மூடியோடு ஒரு ஜாடி வார்த்து வாங்கினார். சூளையில் முதல் சூட்டில் வெந்து வந்ததும் தானே கிளேஸ் தொட்டியில் முக்கி எடுத்தார். இரண்டாவது சூட்டில் அது முட்டை வெள்ளையில் பளபளவென்று வந்தது. பேப்பரில் சுற்றி, பைக் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலம் அம்சவல்லி கடைக்குப் போன நேரம் பார்த்து ஜாடியில் தூளைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, மூடி, ப்ரிட்ஜில் மேல்தட்டின் மூலையில் வைத்து முன்னால் தயிர்ச்சட்டியை மறைவாக நிறுத்தினார். பாலுக்குக் காவல் இருக்கிற பூனை மாதிரி சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும் ப்ரிட்ஜையே சுற்றிவந்தார்.

காலையில் அவளுடைய குரல்தான் அவரை எழுப்பியது.

“என்னாங்க, இங்க வாங்க சீக்கிரம்!”

ப்ரிட்ஜ் திறந்து கிடந்தது. மேல்தட்டில் காபிக்குளம். அங்கிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழ்த்தட்டில் இருந்த இட்லி மாவின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தது. ஜாடியில் இருந்த காபியில் பாதியைக் காணோம். அம்சவல்லி அதை எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

“உள்ள சொரசொரன்னு இருக்குதுங்க. கிளேஸே போடல.”

கலியமூர்த்தியும் கையை விட்டுப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது. அவருடைய யூனிட்டில் செய்வதெல்லாம் பொம்மைகள்தான். உள்ளே கூடான பொம்மைகள். அடியில் இருக்கிற ஓட்டையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டுதான் தொட்டியில் முக்குவார்கள். பொம்மை வயிற்றுக்குள் கிளேஸ் போனால் வீண்தானே? பழகிய கை ஜாடியின் வாயையும் அதே மாதிரி அழகாகப் பொத்திக்கொண்டு முக்கியிருக்கிறது. பூச்சு இல்லாத மண் ராத்திரி முழுக்கக் காபியை உறிஞ்சியிருக்கிறது. சூளைத் தட்டில் ஒட்டாமல் இருக்க அடிப்பக்கத்தையும் அவரே துடைத்து விட்டிருந்தார். அந்த வழியாகத்தான் காபி வெளியே வந்திருக்கிறது.

“பொம்மன்னு நெனச்சுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அம்சவல்லி சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! இட்லி மாவு போனால் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

“ஆமா, இதென்னா காபியப் போயி ப்ரிட்ஜில? யாருக்கு?”

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஜாடியே தோற்றுப்போய் நிற்கும்போது எந்த முகத்தோடு சொல்வது? “யாருக்கு? எனக்குத்தான். வெயிலுக்கு நல்லதுன்னு சொன்னாங்க” என்று பூசி மெழுகினார்.

சிரிப்பு அப்படியே நின்றது. “ஒங்களுக்கா?” என்றாள். “சரி, குடிங்க.” துணியை எடுத்துத் தட்டைத் துடைத்துவிட்டு, மாவுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சோறு போடவா என்றுகூட அவள் கேட்கவில்லை. தட்டு தானாக வந்தது. எதில் தப்புச் செய்தோம் என்று பிடிபடாமல் கலியமூர்த்தி சாப்பிட்டார்.

அடுத்த ஜாடிக்கு அவர் ரொம்ப ஜாக்கிரதை. கிளேஸை உள்ளே ஊற்றி, சுழற்றிச் சுழற்றிக் கவிழ்த்தார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“என்னாண்ணே, கெணத்துல சாவி விழுந்துடுச்சா?” என்றார் ஜெயராஜ். விஷயத்தைக் கேட்டதும் அவர் அச்சைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “இத அண்ணிக்குன்னு சொல்லியிருந்தா மொதல்லயே நல்லா தடிமனா வார்த்திருப்பேனே” என்றார்.

புது ஜாடி காபியைக் குடிக்கவில்லை. காலையில் கலியமூர்த்தி முதல் வேலையாகப் பின்பக்கப் படியில் இருந்த வாளியையும் விளக்குமாற்றையும் அப்புறப்படுத்தினார். பழைய வேட்டித் துணியில் காபியை வடிகட்டினார். நல்ல கறுப்பாக, அமைதியாக இறங்கியது. காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, அம்சவல்லியின் டம்ளரில் பாதி நிரப்பினார்.

“அம்சா, இங்க வா.”

வந்தவள் படியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். “இது ஒங்க வெயில் காபியாச்சே.”

“வெயிலும் இல்ல, மழையும் இல்ல. ஒனக்குத்தான் போட்டேன். மொதல் ஜாடியும் ஒனக்குத்தான். எரியாதுன்னு இளமதி சொல்லிச்சு. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், அரை டம்ளர் குடிச்சுப் பாக்கச் சொல்லிட்டாரு.”

அம்சவல்லி மேல்படியில் மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கலியமூர்த்தி அதைப் பார்த்தார். அவள் டம்ளரை வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“பச்சத் தண்ணியில போட்ட காபின்னே தெரியல” என்றாள். “நல்லாத்தான் இருக்குது.”

“எரியுதா?”

“இப்பத்தான உள்ள போயிருக்குது. இருங்க.”

இரண்டு பேரும் எரிகிறதா என்று காத்திருந்தார்கள். சும்மா காத்திருக்க முடியாமல் அவள், தெருமுனை மாரியம்மாள் வீட்டில் புது மோட்டார் போட்டதைச் சொன்னாள். அங்கிருந்து முட்டி வலிக்கு வந்தாள். கோயிலுக்குப் போனால் பிராகாரம் சுற்ற முடியவில்லை என்றாள். இளமதி ஆடிக்கு வருவாளா மாட்டாளா என்று கவலைப்பட்டாள். கலியமூர்த்தி ‘ம்’ கொட்டினார். அவருக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, கீழ்ப்படியில் இருப்பவர் முகம் மேல்படிக்குத் தெரியாது.

நடுவில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தார். அம்சவல்லி நெஞ்சில் கையை வைத்திருந்தாள்.

“எரியுதா?”

“இல்லன்னு சொல்லத்தான் பாத்தேன். எரியுதுங்க.”

அவ்வளவுதான், முடிந்தது. இருந்த ஒரு வாய்ப்பும் போய்விட்டது. கலியமூர்த்தி எழுந்தார். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். “இரு, மோரு கொண்டாரேன்” என்று போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கும்வரை நின்றார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“டீக்கடைக்குத்தான்.”

“அன்னிக்கும் இப்டித்தான் கெளம்பினீங்க” என்றாள் அம்சவல்லி. “டாக்டரு நிறுத்தச் சொன்னதுக்கு மறுநாளு நான் வெந்நிய எடுத்துக்கிட்டு வந்து இதே படியில ஒக்காந்திருந்தேன். நீங்க சட்டய மாட்டிக்கிட்டு போயிட்டீங்க. அதுக்கு அடுத்த நாளும் ஒக்காந்து பாத்தேன். இந்த மனுஷன் இத்தன வருஷமும் காபிக்குத்தான் எங்கூட ஒக்காந்துருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கலியமூர்த்தி படியருகே திரும்பி வந்தார். “நான் ஒம் முன்னால குடிச்சா ஒனக்கு ஏக்கமா இருக்குமேன்னு...”

“அத வாயத் தொறந்து சொன்னாதான எனக்குத் தெரியும்? டாக்டரு காபியத்தான நிறுத்தச் சொன்னாரு. ஒங்களயுமா நிறுத்தச் சொன்னாரு?”

அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். கீழ்ப்படிக்குப் போகாமல், மேல்படியிலேயே அவளை ஒட்டி உட்கார்ந்தார். இடம் போதவில்லை. அவள் நகர்ந்து கொடுக்கவும் இல்லை.

“முட்டி எந்தப் பக்கம் வலிக்குது?” என்று கேட்டார்.

அம்சவல்லி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.