சும்மா என்றொரு கட்டளை

எங்கள் சிப்புக்குத் தெரிந்த கட்டளைகளே கொஞ்சம்தான். எடு, வை, கூட்டு, ஒப்பிடு, தாவு என்று சில. நகத்தளவுதான் இருக்கும், மின்சாரமும் அதிகம் தின்னாது. ஒரே ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. "தாவு" என்றால் உடனே தாவாது, அடுத்த வரியையும் செய்து முடித்துவிட்டுத்தான் தாவும். வாசல்வரை போய்விட்டு, "சொல்ல மறந்துட்டேன்" என்று திரும்புகிற உறவுக்காரர் மாதிரி. அதனால் தாவலுக்கு அடுத்த வரியில் எதுவுமே செய்யாத ஒரு கட்டளையை வைப்போம். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் "சும்மா".

நோயாளிகளின் கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாரை அந்தச் சிப்தான் ஓட்டுகிறது. கட்டில் இறங்கும்போது பீப் ஒலி வேண்டும் என்று கடைசி நேரத்தில் கேட்டார்கள். நினைவகத்தில் எள் விழ இடமில்லை. நான் எழுதிய நிரலில் தேடிப் பார்த்தபோது ஒரு "சும்மா" சும்மாதான் கிடப்பதாகத் தோன்றியது. தூக்கிவிட்டேன். பீப் உள்ளே போனது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வாங்க வந்தவர்கள் முன்னால் கட்டிலை இறக்கினோம். அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அது தட்டுப்பட்டதும் கட்டில் நிற்க வேண்டும். நின்றது. உடனே மறுபடி இறங்கி ஸ்டூலைச் சப்பையாக்கியது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. "நிறுத்து, தாவு" என்ற வரிகளுக்குப் பின்னால், "சும்மா" இருந்த இடத்தில், "இறக்கு" நகர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது.

"சால்டரிங் சரியில்ல" என்றார் மேலாளர், சிப் இருந்த போர்டைத் திருப்பிப் பார்த்து.

ஈயம் உருக்கி அதைச் சால்டர் செய்தவன் என் மனைவியின் தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பீப்பைச் சுருக்கி, "சும்மா"வை அதன் இடத்தில் திரும்ப வைத்து, வேறொருவர் செய்த போர்டில் ஏற்றினேன். கட்டில் ஒழுங்காக நின்றது. போர்டை மாற்றியதால்தான் சரியானது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. உங்க பேரைக் கெடுத்துட்டேன். ஒவ்வொரு முனையும் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டுதான் குடுத்தேன். எப்படி விட்டேன்னே தெரியல. என் கை மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"விடுடா" என்றாள் என் மனைவி. "மாமா உனக்காக அங்க பேசாமயா இருந்திருப்பாரு?"

நானெல்லாம் ஒரு மனுஷனா என்றிருந்தது.

காலையில் முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனேன்.

"சார், தப்பு போர்டுல இல்ல. நான்தான் ஒரு சும்மாவ எடுத்துட்டேன். என் மச்சினன் மேல தப்பே இல்ல."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா சொல்லாதீங்க. போர்டை மாத்தினதும் சரியாயிடுச்சே! மச்சினனுக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்! எனக்கும் ஒரு மச்சான் இருக்கான், அவனுக்காக நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டேன். போங்க, போய் வேலையப் பாருங்க."

பழைய நிரல் என் மேசைக் கணினியிலேயே இருந்தது. அந்த மூன்று வரிகளைக் காட்டினால் போதும், அவன் கைக்கு மானம் திரும்பிவிடும். ஆனால் அப்போது எனக்குள் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியேதான். சொல்லியாயிற்று, அவர்தான் நம்பவில்லை, இனி நான் என்ன செய்ய?

கதவுவரை போனேன். எங்கள் சிப்பாக இருந்தால், போவதற்கு முன் இன்னொன்றைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கும்.

நான் சும்மா போனேன்.