கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர்

அந்த வீட்டுக் கதவை மறுபடியும் தட்டியபோது கணக்கெடுப்புக்காரிக்கு வெட்கமெல்லாம் போய்விட்டிருந்தது. எரிச்சல் மட்டும்தான் மிச்சம். குடும்பங்களில் முடிவெடுப்பது யார் என்று ஓர் ஆய்வு. இந்தத் தெருவில் பாதி வீடாவது பதில் சொன்னால்தான் அவளுக்கு வேலை நீடிக்கும். இன்னும் ஒரு பேட்டி குறைகிறது. இன்றுதான் கடைசி நாள். மற்ற கதவுகள் முகத்தில் அறைந்தாற்போல் சாத்தப்பட்டுவிட்டன. ஒருத்தி, "வீட்ல யாரும் இல்ல" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

மேற்பார்வையாளரிடம் முறையிட்டால், "சிரிச்சுப் பேசும்மா. கேஸ் போட வந்தவ மாதிரி நின்னா யாரு பேசுவா?" என்பார். நீங்கள் வந்து சிரித்துக் காட்டுங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை.

கதவைத் திறந்தவர் அந்த வீட்டு மருமகளின் மாமனார், ஓய்வுபெற்றவர். தெருவிலேயே பேசத் துடிக்கும் ஒரே ஆள். ஆனால், வீட்டிலுள்ள வயதுவந்தவர்களில் கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்ததோ அவரைத்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக. அப்படித்தான் விதி. கதவைத் திறப்பவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால் நாட்டில் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள் என்று ஆய்வு முடிந்துவிடும். இந்த வீட்டில் அந்த ஆள் மருமகள். அவளோ கண்ணிலேயே படுவதில்லை.

"வாம்மா. இன்னைக்கு என்னையே கேட்டுடு."

"உங்க மருமகளத்தான் ஐயா கேக்கணும்."

"எனக்கு நேத்துதான் பிறந்தநாள். போதுமா?"

"போன தடவ வேற மாசம் சொன்னீங்களே?"

"அது சர்டிபிகேட்ல உள்ளது. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எங்கப்பா வாயில வந்தத சொல்லிட்டாரு."

பொய் என்று தெரிந்தது. பொய்யில்லாமலும் இருக்கலாமே என்று மனம் சப்பைக்கட்டு கட்டியது. டேப்லெட்டைத் திறந்தாள்.

"பெரிய செலவெல்லாம் யார் முடிவு பண்றாங்க?"

"நான்தான்."

"வீட்டுப் பொண்ணுங்க வேலைக்குப் போறத?"

"அதுவும் நான்தான்."

சமையலறையில் ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டது. கணக்கெடுப்புக்காரியின் விரல் நின்றது. எழுதியதை அழித்தாள். அழித்த கையோடு, ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்றும் இருந்தது.

மருமகள் கைப்பையோடு வெளியே வந்தாள். "மாமா, கிளம்பறேன்."

"பத்து நிமிஷம் பேசலாமாங்க?"

"இங்கயா?" மருமகள் மாமனாரின் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். "பஸ்ல வேணா வாங்க. அங்க யாருக்கும் என்னத் தெரியாது."

"நான் மணிக்கணக்கா உக்காந்திருக்கேன், அவகிட்டப் போறியா?" என்ற குரல் வாசல்வரை துரத்தியது.

பேருந்து பிதுங்கி வந்தது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் கணக்கெடுப்புக்காரி தொற்றிக்கொண்டாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டேப்லெட், முதுகில் யாருடைய முழங்கையோ.

"பெரிய செலவெல்லாம் யார் முடிவு பண்றாங்க?"

"உள்ளதச் சொல்லவா, வீட்ல சொல்றதச் சொல்லவா?"

"உள்ளத."

"நான்தான். ஆனா மாமாவே முடிவு பண்ணின மாதிரி காட்டிக்குவேன். அதுக்கு ஒரு கட்டம் இருக்கா உங்ககிட்ட?"

இல்லை. 'மற்றவை' என்பதைத் தொடுவதற்குள் மருமகளின் நிறுத்தம் வந்துவிட்டது. பாதிப் பேட்டி கணக்கில் ஏறாது. கணக்கெடுப்புக்காரியும் குதித்திறங்கினாள்.

"இன்னும் எவ்ளோங்க இருக்கு?"

"பாதி."

"ஆபீஸ் கேட் வரைக்கும்தான். வேகமாக் கேளுங்க" என்று மருமகள் நடையை எட்டிப் போட்டாள்.